கத்துகிற டிஸ்க் பிரேக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னுடையது 150 சிசி மோட்டார் சைக்கிள். முன் பிரேக்கை மெதுவாகப் பிடிக்கும்போது கீச்சென்று கத்துகிறது, இறுக்கிப் பிடித்தால் சத்தம் இல்லை. கராஜில் பாட் மாற்றச் சொல்கிறார்கள். வீட்டிலேயே சரிசெய்ய ஏலுமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பாட், அதாவது சில்லோடு சுற்றும் டிஸ்க்கை இருபக்கமும் நெரித்துப் பிடிக்கும் பிரேக் கட்டை, தேய்ந்து முடியவில்லையென்றால் ஏலும். பாட்டைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் கலிப்பரின் பின்பக்கத்தால் ரோச் அடித்துப் பாருங்கள். பாட்டின் நடுவே வெட்டியிருக்கும் தவாளிப்பு இன்னும் தெரிந்தால் அதற்கு ஆயுள் இருக்கிறது. தவாளிப்பு மறைந்திருந்தால் கராஜ்காரர் சொன்னதுதான் சரி, புதுச் சோடி வாங்குங்கள்.

பாட் டிஸ்க்கைச் சீராகப் பிடிக்காமல், பிடித்தும் விட்டும் நுண்ணிதாக அதிரும்போதுதான் இந்தச் சத்தம் வருகிறது. அந்த அதிர்வை டிஸ்க் சேமக்கலம் போலப் பெருப்பித்துக் காட்டுகிறது. ஆகவே அதிர்வு எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். பளபளத்துப்போன பாட், கலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் வழுக்கு ஊசிகள் காய்ந்துபோனமை, பாட்டை அழுத்திப் பிடிக்கும் சின்னத் தகட்டு ஸ்பிரிங் இல்லாமை: பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். அந்த ஸ்பிரிங்கை முன்பு பாட் மாற்றியவர் திரும்பப் போடாமல் விட்டிருப்பதும் உண்டு.

கலிப்பரைக் கழற்ற முன்பே, அது முன் சில்லைத் தாங்கும் கவட்டில் இறுகியிருக்கும்போதே, பாட்டைப் பிடித்திருக்கும் ஊசியை அரைச் சுற்று இளக்கி வையுங்கள். கழற்றிய பிறகு இளக்கப் போனால் கலிப்பர் கையோடு சுழலும். பிறகு இரண்டு போல்ட்டையும் எடுத்து, கலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கயிற்றால் கட்டுங்கள். இனி லீவரை யாரும் தொடக்கூடாது. பாட்டைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் நின்றால் கவனம்.

பிரேக் தூசியை ஊதாதீர்கள். மூக்கைக் கட்டிக்கொண்டு ஈரச் சீலையால் துடையுங்கள். வெளியே தெரியும் பிஸ்டனைப் பழைய பல் பிரஷ், சவர்க்காரத் தண்ணீர் கொண்டு சுற்றிவரத் தேய்த்து, துடைத்து, அதன்பிறகே உள்ளே தள்ளுங்கள். அழுக்கோடு தள்ளினால் றபர் சீல் கிழியும். தள்ளும்போது மேலே பிரேக் ஒயில் மட்டம் ஏறும், வழிந்தால் பெயின்ற் உரியும். சிந்திய இடத்தை உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

பாட் பளபளத்திருந்தால் 120 இலக்கச் சான்ட் பேப்பரைக் கண்ணாடித் துண்டின்மேல் விரித்து, பாட்டை அதில் எட்டுப் போட்டாற்போல் தேயுங்கள். பளபளப்புப் போனால் போதும். டிஸ்க் உள்ளே வரும் பக்கத்து விளிம்பை அரத்தால் 1 மில்லிமீற்றர் சரித்துவிட்டால் கத்தல் இன்னும் குறையும். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடையுங்கள். அதன் ஆகக்குறைந்த தடிப்பு உள்வளையத்தில் பொறித்திருக்கும். தடிப்பு அளக்கும் வேர்னியர் இருந்தால் அளந்து பாருங்கள்.

கிறீஸில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். றபர் உறை போட்ட வழுக்கு ஊசிகளுக்கு சிலிக்கன் பிரேக் கிறீஸ் மட்டும். பெயரிங்குக்குப் போடும் சாதாரண கிறீஸ் அந்த றபரை ஊதப்பண்ணும். ஊசி இறுகி, ஒரு பாட் மட்டும் தேயத் தொடங்கும். பாட்டின் இரும்பு முதுகில், பிஸ்டன் படும் இடத்தில், மெல்லிய பூச்சு. உராயும் முகத்தில் ஒரு துளியும் படக்கூடாது.

திரும்பப் பூட்டும்போது கையேட்டில் உள்ள இறுக்க அளவைப் பாருங்கள். வண்டியை அசைக்க முன் லீவர் கல்லாக நிற்கும்வரை பம்ப் பண்ணுங்கள். இதை மறந்தால் முதல் சந்தியில் பிரேக் இருக்காது. பிறகு வெறும் ஒழுங்கையில் 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10க்கு, முற்றாக நிறுத்தாமல், இருபது தடவை அளவில் பிடித்துப் பிடித்து விடுங்கள். புதுப் பாட்டுக்கும் இதே வேலைதான். அதைச் செய்யாமல் புதுப் பாட்டும் கத்துகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம்.

கேள்வி: டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் சத்தம் நிற்குமாமே?
– வாசகி, கோண்டாவில்

பதில்: நிற்கும். வண்டிதான் நிற்காது. எண்ணெய் குடித்த பாட்டை நெருப்பில் காட்டியும் மீட்க முடியாது, எறியத்தான் வேண்டும். டபிள்யூடி-40 அடிப்பதும் இதே கதைதான். நீங்கள் எதுவும் விடாமலே பாட்டில் எண்ணெய் தெரிந்தால் முன் கவட்டின் ஒயில் சீல் கசிகிறதா என்று பாருங்கள். அதை மாற்றாமல் பாட் மட்டும் மாற்றுவது வீண் செலவு.

கேள்வி: தினமும் பண்ணைப் பாலத்தால் வேலைக்கு வருகிறேன். காலையில் மட்டும் பிரேக் கரகரக்கிறது, கொஞ்சத் தூரம் ஓட நின்றுவிடுகிறது.
– வாசகர், ஊர்காவற்துறை

பதில்: இரவுப் பனியும் உப்புக்காற்றும் டிஸ்க்கில் மெல்லிய துருப்படலம் போடும். நாலைந்து தடவை பிரேக் பிடிக்க அது உரிந்துபோகும், பயமில்லை. ஆனால் அதே உப்பு வழுக்கு ஊசியையும் அரிக்கும். கிழமைக்கு ஒருக்கால் கலிப்பரைக் கழுவுங்கள், அதுவும் நல்ல தண்ணீரால். தீவுப்பகுதியின் உவர்க்கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்புக்கு மேல் உப்பு. உங்கள் வண்டிக்கு வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஊசிகளைக் கழற்றிக் கிறீஸ் போடுவது நல்லது.

கேள்வி: கார் ஓடும்போது முன் சில்லில் மெல்லிய விசில் சத்தம். பிரேக்கை மிதித்தால் நிற்கிறது. இது என்ன?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பாட் முடியப் போகிறது என்று சொல்லும் தகடு அது. பாட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்தும்படி வைத்திருக்கிறார்கள். கல் அகப்பட்டாலும் இப்படி வரலாம், எப்படியும் சில்லைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். பாட் மாற்றினால் முன் இரண்டு சில்லுக்கும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். வளவுச் செம்மண்ணில் ஜக் புதையும். கீழே தடித்த பலகை வைத்து, பின் சில்லுகளுக்குக் கல் அணைகொடுத்து, ஸ்டான்ட் பூட்டிய பிறகே சில்லைக் கழற்றுங்கள்.