டர்போ லாரியில் பிரீதர்: பட்டறைக் கேள்வி பதில்

டர்போ (வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) உள்ள இன்ஜினில் கிராங்க் கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அடிப்பெட்டி) காற்று வெளியேறுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, லாரி இன்ஜின் வேலையில் பல வருடம் கை கறுத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பட்டறையில் 'பேக் கம்ப்ரஷன்' என்போமே, அந்தச் சமாச்சாரம்தான். அந்தக் காற்றை வெளியே விடும் குழாய்தான் பிரீதர்.

கேள்வி (சங்ககிரி, லாரி உரிமையாளர்): அண்ணே, டர்போ ஆயில் தள்ளுகிறது என்று மாற்றினோம். மூன்றே மாதத்தில் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) ஹோஸில் மறுபடியும் ஆயில். இன்னொரு டர்போ வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். முதலில் பிரீதரைப் பாருங்கள்.

டர்போவுக்கு ஆயில் பம்ப் அழுத்தத்தில் போகிறது. திரும்பி வருவது மட்டும் தன் எடையில், தடித்த ஒரு குழாய் வழியாக, இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்புக்கு வடிகிறது. அதை இழுக்க எந்தப் பம்பும் இல்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு கிராங்க் கேஸில் தேங்கினால், அந்த அழுத்தம் வடிகுழாயின் வாயிலேயே எதிர்த்து நிற்கும். ஆயில் இறங்க வழியில்லாமல் டர்போவுக்குள்ளேயே நிற்கும். ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள சீல், தேங்கிய ஆயிலைத் தடுக்கச் செய்ததல்ல. அது ஒரு பக்கம் இன்டர்கூலருக்கும் மறு பக்கம் சைலன்சருக்கும் கசிந்து போகும். புது டர்போ போட்டாலும் இதே கதைதான்.

ஒரு வண்டியில் ஆயில் சொட்டுகிறதென்று பிரீதர் குழாயின் வாயில் டிரைவர் பழைய லுங்கித் துணியைக் கட்டி வைத்திருந்தார். ஆயிலும் புழுதியும் ஊறி அது தார் உருண்டை மாதிரி ஆகிவிட்டது. அதை அறுத்து எறிந்தோம், குழாயைக் கழுவினோம், டர்போவை விட்டுவிட்டோம். கசிவு நின்றது. உங்கள் வண்டியில் பிரீதர் குழாய், டர்போ வடிகுழாயில் நசுங்கல், ஏர் ஃபில்டர் அடைப்பு மூன்றையும் பாருங்கள். ஹோஸின் உள்ளே விரலில் ஒட்டும் அளவு ஈரம் இருப்பது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கேள்வி (ஒட்டன்சத்திரம், ஓட்டுநர்): ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று வருகிறது. இன்ஜின் இறக்கியே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். நிஜமா?

காற்று வருவதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது தம்பி. எந்த டீசல் இன்ஜினிலும் கொஞ்சம் வரும், டர்போ இருந்தால் கூடவே வரும். மூடியைக் கவிழ்த்து வைத்து, ஆடுகிறதா பறக்கிறதா என்று பார்ப்பது ஒரு குத்துமதிப்புதான். ரிங் புதிதாகப் போட்ட இன்ஜினில்கூட அது படியும் வரை கூடுதலாகத்தான் ஊதும்.

அளந்து பார்ப்பது பெரிய வேலையில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும், உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் டியூப் போதும். 'யு' மாதிரி வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) குழாயில் இறுக்கிச் செருகுங்கள், மறு முனை திறந்திருக்கட்டும். இரண்டு பக்க மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். 1 பி.எஸ்.ஐ. என்பதே தண்ணீரில் சுமார் 70 செ.மீ. நாம் பார்ப்பது அதில் சிறு பங்கு, சாதாரண பிரஷர் கேஜில் முள்கூட அசையாது. நிற்கிற வண்டியில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பதில் பாதி உண்மைதான் தெரியும், ஏனென்றால் லோடு இல்லாமல் பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம், சரியாக ஏறாது. டியூபைக் கேபினுக்குள் கொண்டுவந்து கட்டி, லோடோடு சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ரோட்டைப் பாருங்கள். எல்லை எவ்வளவு என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், கம்பெனி சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். வண்டி நன்றாக இருக்கும்போதே ஒரு முறை அளந்து டைரியில் எழுதி வைத்திருந்தால் அதைவிட நல்ல கணக்கு இல்லை.

பலரும் மறப்பது ஏர் பிரேக் கம்ப்ரசரை. அதன் ரிங் தேய்ந்தால் காற்று அதன் ஆயில் திரும்பும் வழியில் நேரே கிராங்க் கேஸுக்கு வரும். ஏர் டேங்க் காலியாக இருந்து ஏறும்போது ஒரு அளவு எடுங்கள், டேங்க் நிரம்பி 'புஸ்' என்று விட்டபின் ஒன்று எடுங்கள். இரண்டாவது நன்றாகக் குறைந்தால் குற்றவாளி கம்ப்ரசர். இதைப் பார்க்காமல் இன்ஜினை இறக்கினால், செலவு செய்த பிறகும் ஊதிக்கொண்டே இருக்கும்.

கேள்வி (கோத்தகிரி, காய்கறி வண்டி): மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. கேஸ்கட் போய்விட்டதா?

ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா? இல்லையென்றால் கவலை வேண்டாம். டீசல் எரிந்தால் நீராவியும் உண்டாகும். குளிரில், இன்ஜின் சூடேறும் முன்பே நிறுத்தும் குட்டை ஓட்டங்களில் அது வெளியேறாமல் ஆயிலோடு கலந்து இப்படிப் படியும். வாரம் ஒரு முறை நல்ல சூடேறும்படி தூரமாக ஓட்டுங்கள். தண்ணீரும் குறைகிறதென்றால் உடனே பட்டறைக்கு.

கேள்வி (நாமக்கல், பிஎஸ்6 வண்டி): பிரீதர் ஃபில்டர் விலை அதிகம். பழைய வண்டி மாதிரி குழாயைக் கழற்றிக் கீழே விட்டுவிடலாமா? இல்லை, நடுவில் ஒரு டப்பா மாட்டினால்?

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதியில் பிரீதர் புகையும் கணக்கில் வருகிறது, அதனால் கழற்றிவிட்டால் வண்டி விதிப்படி இல்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. குழாயைக் கழற்றியபின் டர்போவுக்குப் போகும் பைப்பில் ஒரு துளை மிஞ்சும். அது ஏர் ஃபில்டருக்கு அப்புறம் இருக்கும் துளை. கவனிக்காமல் விட்டால் கிரஷர் ரோட்டுப் புழுதி முழுவதும் வடிகட்டாமலே டர்போ வீலையும் லைனரையும் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்க்கும். ஃபில்டரைக் காலம் தவறாமல் மாற்றுவதே மலிவு. அடைத்த ஃபில்டரோடு ஓட்டினால் முதல் கேள்விக்காரர் நிலைதான்.

டப்பா மாட்டுவது ஆயிலைப் பிடிக்கும், ஆனால் யாராவது காலி செய்ய வேண்டும். லைன் வண்டியில் அது நடக்கிற காரியமில்லை. சொந்தமாக ஓட்டும் சின்ன வண்டிக்கு வேண்டுமானால் சரி.

கேள்வி (ஷார்ஜா, கராஜ் வேலை): சூப்பர்சார்ஜர் (டர்போ போலவே காற்றைத் திணிப்பது, ஆனால் இன்ஜினே சுழற்றும்) போட்ட பெட்ரோல் பிக்கப். அழுத்தி ஓட்டினால் டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்புகிறது, அண்ணா.

பிசிவி வால்வைப் பாருங்கள். கிராங்க் கேஸ் வாயுவை மேனிஃபோல்டுக்கு, அதாவது சிலிண்டருக்குக் காற்று போகும் குழாய்க்கு, விடும் வால்வு அது. ஐடிலில் மேனிஃபோல்ட் உறிஞ்சும், வால்வு திறந்து வாயுவை உள்ளே விடும். பூஸ்ட் வந்ததும் அதே மேனிஃபோல்ட் ஊதத் தொடங்கும், அப்போது வால்வு மூடியாக வேண்டும். மூடாவிட்டால் பூஸ்ட் கிராங்க் கேஸுக்குள் போய் டிப்ஸ்டிக்கைத் தள்ளும். பூஸ்ட் தாங்கும் ஒருவழி வால்வு போடுங்கள். சூப்பர்சார்ஜருக்கு முன்னால் ஏர் பைப்புக்குப் போகும் இன்னொரு ஹோஸ் அடைபடாமல் இருக்க வேண்டும், பூஸ்ட் நேரத்தில் வாயுவுக்கு அது ஒன்றே வழி.

கேள்வி (கிருஷ்ணகிரி, ஓட்டுநர்): ஆயில் எப்படியும் குறையும் என்று இரண்டு லிட்டர் கூடவே ஊற்றுகிறார் எங்கள் ஓனர். தப்பா?

ஆபத்து. மட்டம் கூடினால் கிராங்க் ஆயிலில் அடித்து நுரைக்கும், பிரீதர் டர்போ பைப்பில் சேரும் வண்டியில் அந்த மூடுபனி டர்போவுக்குள் போகும். டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். சாவியை அணைத்தாலும் நிற்காமல் ரேஸ் தானாக ஏறலாம். அப்படி ஆனால் பெரிய கியர் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு இன்ஜினை முடக்கப் பாருங்கள். முடியவில்லையென்றால் ஏர் பைப்பின் வாயைத் தட்டையான பலகையால் அடைக்க வேண்டும். துணி வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும். கையை வைக்கவே வைக்காதீர்கள். இன்ஜின் கூச்சல் எல்லை மீறிவிட்டதென்றால் பக்கத்தில் போகாமல் ஆட்களை விலக்கிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஓனரிடம் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைக் காட்டி, கூடுதல் ஆயிலை இன்றைக்கே வடித்துவிடச் சொல்லுங்கள்.