குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் தொடக்கத்திலிருந்தே அடிமைமுறையை எதிர்த்தார்களா?

இல்லை. அவர்களிலேயே பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் உட்பட. 1688-இல் அங்குள்ள ஜெர்மன்டவுன் என்ற ஊரில் நான்கு பேர் இதைக் கண்டித்து மனு எழுதினார்கள். குவேக்கர் சபையின் ஒவ்வொரு கூட்டமும் அதை அடுத்த மேல்நிலைக் கூட்டத்துக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் கிடப்பில் போட்டார்கள்.

என் மனதை விட்டு அகலாதவர் பெஞ்சமின் லே என்ற குவேக்கர். நாலடி உயரம், கூன் முதுகு. 1738-இல் பர்லிங்டனில் நடந்த குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டத்துக்கு, உள்ளே குடைந்த புத்தகம் ஒன்றில் சிவப்புப் பழச்சாற்றுப் பையை ஒளித்து எடுத்து வந்தார். அடிமை வைத்திருப்போரைச் சாடியபடியே அதை வாளால் குத்தினார். அருகில் இருந்தவர்கள்மேல் ரத்தம் போலத் தெறித்தது. அவரை வெளியேற்றினார்கள்.

அப்புறம் ஜான் வூல்மன் என்ற இன்னொரு குவேக்கர் ஊர் ஊராகப் போய் அடிமை வைத்திருந்தவர்களிடமே பொறுமையாகப் பேசினார். 1776-இல்தான் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் உறுப்பினர்கள் அடிமை வைத்திருப்பதைத் தடை செய்தது. ஜெர்மன்டவுன் மனுவுக்கு 88 ஆண்டுகள் கழித்து!