பரணில் கிடைத்த குண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும் வேகம் சென்னையில் கூடக் கூட, எனக்கு வரும் கேள்விகளும் மாறிக்கொண்டே வருகின்றன. முன்பெல்லாம் பட்டாசுக் கடை உரிமம், கேஸ் சிலிண்டர் என்று கேட்பார்கள். இப்போது பரணிலும் அஸ்திவாரத்திலும் காயலாங்கடையிலும் கிடைக்கும் போர்க்காலச் சாமான்களைப் பற்றிக் கேட்கிறார்கள். ராணுவ வெடிபொருள் கிடங்கில் 24 ஆண்டு வேலை பார்த்தவன் நான். குண்டைப் பற்றிச் சொல்வது என் அனுபவம். சட்டத்தைப் பற்றி எழுதியதை வழக்கறிஞரான என் மகள் படித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறாள்.

கேள்வி: பர்மா சண்டைக்குப் போய் வந்த எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். கம்பளித் துணிக்குள் ஓர் இரும்பு உருண்டை. மேலே கட்டம் கட்டமாக வெட்டு, பக்கத்தில் ஒரு பட்டை, ஒரு வளையம். துருவைத் துடைத்து ஷோகேஸில் வைக்கலாமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: துடைக்காதீர்கள் அம்மா. பெட்டியை இன்னொரு முறை நகர்த்தவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளம் மில்ஸ் கையெறி குண்டுக்குப் பொருந்துகிறது. அது 1915இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. அதன் 36எம் என்ற வகை அண்மைக்காலம் வரை நம் ராணுவத்திலேயே இருந்தது. நானே எண்ணி அடுக்கியிருக்கிறேன்.

அதன் உள்ளே அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கோடு ஓர் ஊசி நிற்கிறது. அந்த ஊசியை வெளியே உள்ள பட்டை அடக்கிப் பிடித்திருக்கிறது. பட்டை எழும்பாமல் தடுப்பது வளையத்தோடு சேர்ந்த மெல்லிய பின் ஒன்றுதான். எண்பது வருடத் துருவில் அந்தப் பின் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பயிற்சிக்கு வெறும் கூடாகச் செய்த குண்டுகளும் உண்டு, உங்களுடையது அப்படிப்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் அதை எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்ல முடியும். பார்த்துச் சொல்லக் கூடாது, படம் பார்த்துச் சொல்லவே கூடாது. "எண்பது வருஷமா வெடிக்கலையே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பழசாகப் பழசாக எல்லா வெடிமருந்தும் சாந்தமாகிவிடுவதில்லை. டிஎன்டி என்ற வெடிமருந்து பல பத்தாண்டு ஆனாலும் வீரியம் குறையாது. முதல் உலகப் போர்க்காலத்துக் குண்டுகளில் இருந்த பிக்ரிக் அமிலம் உலோகத்தோடு சேர்ந்து, முன்பைவிட எளிதில் வெடிக்கும் உப்பாக மாறிவிடும்.

எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு வந்துவிட்டு 100க்கோ 112க்கோ போன் செய்யுங்கள். "தாத்தா காலத்து வெடிகுண்டு மாதிரி ஒன்று, யாரும் தொடவில்லை" என்று சொன்னால் போதும். வெடிகுண்டு கண்டறிந்து செயலிழக்கச் செய்யும் பிரிவிலிருந்து ஆள் வருவார்கள். மணல் மூட்டை அடுக்கி, பாதுகாப்பாக எடுத்துப் போய், நீதிமன்ற அனுமதி பெற்று, ஒதுக்குப்புறமான இடத்தில் வெடிக்க வைத்து அழிப்பார்கள்.

வழக்கு வருமோ என்ற பயம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. குன்வந்த்லால் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஆயுதம் ஒருவர் வசம் இருந்தது என்றால் அது இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேற்றுவரை உங்களுக்குத் தெரியாது. இன்று தெரியும். அதனால் இன்றே சொல்லிவிடுங்கள்.

தாத்தாவின் நினைவாக அந்தப் பெட்டி இருக்கிறது, கம்பளி இருக்கிறது, அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் அதைவிடப் பெரிய சொத்து வேறில்லை. அவர் எந்தப் படைப்பிரிவு, எந்த வருடம் எங்கே இருந்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குண்டு மட்டும் வீட்டில் வேண்டாம்.

கேள்வி: ஜெர்மனியில் ஒருவர் வீட்டு நிலவறையில் டாங்கியே வைத்திருந்தாராம். அதைப் பிடுங்கிய அரசு, விற்றுக்கொள்ளவும் அனுமதித்ததாமே, இது என்ன நியாயம்? (கல்லூரி மாணவர், திருவல்லிக்கேணி)

பதில்: உண்மைதான் தம்பி. கீல் நகருக்குப் பக்கத்தில் ஹைக்கன்டார்ஃப் என்ற ஊர். 2015 ஜூலையில் 78 வயது முதியவர் ஒருவரின் வீட்டு நிலவறையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பாந்தர் டாங்கி, 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கி, ஒரு டார்பிடோ எல்லாம் இருந்தன. டாங்கியை வெளியே இழுக்கச் சுமார் 20 ராணுவ வீரர்களுக்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது. ஊருக்கே தெரியாத ரகசியமும் இல்லை அது. 1978இன் பெரும் பனிப்பொழிவின்போது அவர் அதை ஓட்டிக்கொண்டு போனதை ஊர்த் தலைவரே நினைவுகூர்ந்தார். 2021இல் தீர்ப்பு வந்தது: நிறுத்திவைக்கப்பட்ட 14 மாதச் சிறைத் தண்டனை, இரண்டரை லட்சம் யூரோ அபராதம், டாங்கியையும் பீரங்கியையும் இரண்டு வருடத்துக்குள் அருங்காட்சியகத்துக்கோ சேகரிப்பாளருக்கோ விற்றுவிட வேண்டும்.

எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. சட்டத்தை மீறியதற்குத் தண்டனை உண்டு, பொருளையும் உருக்கி வீணாக்கவில்லை. காசு கொடுக்காமல் பிடுங்கினால் என்ன ஆகும்? அடுத்த வீட்டில் ஒளித்து வைத்திருப்பவர் வாயைத் திறக்க மாட்டார். இரவோடு இரவாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார், இல்லை கள்ளத்தனமாக விற்றுவிடுவார். வெடிமருந்துக்கும் சுடக்கூடிய துப்பாக்கிக்கும் இந்தச் சலுகை கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செயலிழந்த இரும்பும் உயிருள்ள குண்டும் ஒரே கிடங்கில் கிடைத்தாலும் இரண்டுக்கும் ஒரே முடிவு எடுக்கக் கூடாது.

கேள்வி: சூளைமேட்டில் பழைய வீட்டை இடித்துக் கட்டும் ஒப்பந்தம் எடுத்திருக்கிறேன். குழி தோண்டும்போது துருப்பிடித்த தோட்டாக்கள் ஒரு டப்பா நிறையக் கிடைத்தன. ஸ்டேஷனுக்குப் போனால் வேலை நின்றுவிடும், மேஸ்திரியிலிருந்து எல்லோரையும் விசாரிப்பார்கள் என்கிறார்கள். திரும்ப மூடிவிடலாமா? (கட்டட ஒப்பந்ததாரர்)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரப் பகுதியையே எழுத உட்கார்ந்தேன்.

1980களில் ஈழப் போராளிக் குழுக்கள் பலவற்றுக்கும் சென்னையில் வீடுகள் இருந்தன. 1986 நவம்பரில் தமிழ்நாட்டுக் காவல்துறை மாநிலம் முழுக்கச் சோதனை நடத்தி அவர்களுடைய ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது. அந்தக் காலத்தில் மண்ணுக்குள் போனவை இன்னும் அங்கங்கே கிடைக்கின்றன. 2018 ஜூனில் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினார்கள். பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள், ஆயிரக்கணக்கில். வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? போலீஸுக்குச் சொன்னார். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும்.

திரும்ப மூடினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள், உங்கள் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். "தெரியாது" என்று சொல்லும் உரிமை அந்த நிமிடத்தோடு போய்விட்டது. உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இரண்டு முதல் ஐந்து ஆண்டுவரை சிறை. தடைசெய்யப்பட்ட ஆயுதமோ தோட்டாவோ என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு, 14 ஆண்டுவரை போகலாம். டப்பாவுக்குக் கீழே இன்னும் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. நாளைக்கு அதே இடத்தில் ஜேசிபியின் பல் இறங்கும், கீழே நின்று மண் அள்ளுபவர் தினக்கூலிக்கு வந்தவர்.

வேலையை நிறுத்துங்கள். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு 112க்குச் சொல்லுங்கள். கிடைத்த நேரம், யார் பார்த்தார்கள், உடனே தகவல் கொடுத்தது எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கி வையுங்கள். ஆயுதச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்ததாக வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும்.

அப்புறம், காவல்துறையில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தானாக வந்து சொன்னவரை வாசலில் ஐந்து மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். நான் வேலையில் இருந்தபோது, வயலில் கிடைத்த பீரங்கிக் குண்டைப் பற்றி ஒரு விவசாயி தகவல் சொன்னார். மூன்று நாள் அலைக்கழித்தார்கள். அடுத்த வருடம் அதே ஊரில் கிடைத்ததைக் கிணற்றில் போட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பிரிட்டனில் அவ்வப்போது இரண்டு வாரம் ஒதுக்கி, துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைப்பவர் மேல் வைத்திருந்த குற்றத்துக்காக வழக்குப் போடுவதில்லை என்று அறிவிக்கிறார்கள். அந்தத் துப்பாக்கி ஏதாவது குற்றத்தில் பயன்பட்டிருந்தால் மட்டும் விசாரணை உண்டு. ஆஸ்திரேலியா 1996-97இல் விலை கொடுத்தே வாங்கி ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அழித்தது. நம் மாநிலத்திலும் அப்படி ஒரு வாரம் வேண்டும்.

கேள்வி: அப்பாவின் உரிமம் பெற்ற ரெட்டைக் குழல் துப்பாக்கி, தாத்தாவின் .303 ரைஃபிள் இரண்டும் பீரோவில் இருக்கின்றன. அப்பா காலமாகிவிட்டார். (வாசகர், அண்ணா நகர்)

பதில்: இரண்டையும் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வது அதுதான். ரெட்டைக் குழலுக்கு வாரிசு என்ற முறையில் 2016 ஆயுத விதிகளின்படி விண்ணப்பிக்கலாம், சென்னைக்கு உரிமம் வழங்குபவர் காவல் ஆணையர். ஒருவருக்கு இப்போது இரண்டு துப்பாக்கிகள்தான், வாரிசாக வந்தாலும் அதே கணக்கு. .303 தடைசெய்யப்பட்ட துளையளவு (குழலின் உள்விட்டம்). தாத்தா அதற்கு உரிமம் வைத்திருந்தாரா என்ற காகிதத்தை முதலில் தேடி, வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: பித்தளைப் பீரங்கித் தோட்டாக் கூடு ஒன்று பூ ஜாடியாக இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பொட்டும் வைக்கிறோம். ஆபத்தா? (வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: மேலே குண்டு இல்லாமல், உள்ளே வெறுமையாக, அடியில் நடுவே உள்ள சிறிய வட்டத்தில் ஊசி குத்திய பள்ளம் தெரிந்தால் அது சுட்டு முடித்த கூடாகத்தான் இருக்கும். பள்ளம் இல்லையென்றால் அடுப்பு, வெயில் பக்கம் கொண்டு போகாமல் வெடிகுண்டுப் பிரிவிடம் காட்டுங்கள். வேறு பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகங்களுக்கு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது.

கேள்வி: தாத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பானிய வாளை இணையத்தில் விற்கலாமா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான அலகுள்ள வாளும் ஆயுத விதிகளின் பட்டியலில் வருகிறது. அரசு அறிவித்த பகுதிகளில் அதற்கும் உரிமம் வேண்டும், ஆணையர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பின் துருவை மட்டும் தேய்த்துவிடாதீர்கள், வாளின் வயதை அறிந்தவர்கள் அந்தத் துருவைப் பார்த்துத்தான் கணிக்கிறார்கள். கையால் அடித்துச் செய்த வாளாக இருந்தால் அங்கே கொல்லரின் பெயரும் பொறித்திருக்கலாம்.

கேள்வி: எம்டன் வீசிய குண்டின் சில்லு என்று கொள்ளுத்தாத்தா சொன்ன இரும்புத் துண்டு எங்களிடம் இருக்கிறது. (வாசகர், ராயபுரம்)

பதில்: படித்ததும் மனசு துள்ளியது. முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையின் மேல் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது, துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. சாமர்த்தியக்காரனை "அவன் எம்டன்" என்று நாம் இன்றும் சொல்வது அந்த இரவின் மிச்சம். கையளவு சில்லாக, வளைந்து, இரண்டு பக்கமும் உடைந்த விளிம்பாக இருந்தால் அது ஏற்கெனவே வெடித்து முடிந்தது. மூக்கும் உடலுமாக முழுசாக இருந்தால் முதல் கேள்வியின் பதில்தான் உங்களுக்கும். நூறு ஆண்டு தாண்டிய பொருள் என்பதால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள், குடும்பத்தில் சொல்லி வந்த கதையையும் அப்படியே எழுதிக் கொடுங்கள். கதை இல்லாமல் போனால் அது வெறும் இரும்பு.

கேள்வி: அம்பத்தூரில் காயலாங்கடையில் வேலை செய்கிறேன். லாரியில் வரும் இரும்பில் சில நேரம் ராக்கெட் மாதிரி வருகிறது. முதலாளி பித்தளையைக் கழற்றச் சொல்கிறார். என்ன செய்ய?

பதில்: கழற்றாதே தம்பி. முதலாளி கோபப்பட்டாலும் கழற்றாதே.

2004 செப்டம்பரில் உத்தரப்பிரதேசத்தின் சாகிபாபாத்தில் ஓர் இரும்பு ஆலையில், போர் நடந்த நாட்டிலிருந்து இறக்குமதியான கழிவு இரும்புக்குள் இருந்த குண்டு வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். துண்டாக்கப்படாத கழிவு இரும்பை ஏற்றுமுன் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அதன் பிறகுதான் வந்தது. நமக்குப் பக்கத்தில், 2019 ஆகஸ்டில் திருப்போரூர் அருகே மானாமதியில் கோயில் குளத்தைச் சுத்தம் செய்த இளைஞர்கள் கையில் ஒரு பொருள் கிடைத்தது. திறந்து பார்க்க முயன்றபோது வெடித்து இரண்டு பேர் உயிர் போனது. பித்தளை கிலோவுக்கு என்ன விலை போகும் என்று உனக்குத் தெரியும். அந்தப் பித்தளை வளையத்துக்குப் பின்னால்தான் வெடிமருந்து இருக்கிறது.

இரும்பு வெட்டும் கேஸ் விளக்கை அணைத்துவிடு. தட்டாதே, உருட்டாதே, தண்ணீர் ஊற்றாதே. எல்லோரையும் கூட்டிக்கொண்டு தெரு முனைக்குப் போய் 112க்குப் போன் செய். பெயர் சொல்லப் பயமாக இருந்தால் கடையின் இடத்தை மட்டும் சொல். முதலாளியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு, பேச வேண்டும் என்றால் நானே வந்து பேசுகிறேன்.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு, கடலில் போட்டுவிட்டால்? (வாசகர், காசிமேடு)

பதில்: ஜெர்மனியின் கடல் பகுதியில் அப்படிப் போட்ட குண்டுகளும் வெடிபொருளும் சுமார் 16 லட்சம் டன். இப்போது கூடு துருப்பிடித்து வெடிமருந்து கசிகிறது, எடுக்கக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அங்கே உசெடோம் தீவின் கரையில் ஒதுங்கும் பாஸ்பரஸ் கட்டியை அம்பர் கல் என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டு தீக்காயம் பட்டவர்கள் உண்டு. காசிமேட்டில் வலை இழுப்பது உங்கள் சொந்தக்காரர்கள். வலையில் வந்தால் அவர்கள் கையில்தான் வரும்.