அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களை மட்டும் ஊடகங்கள் தனி அளவுகோலில் அளக்கின்றனவா?

பதில் சொல்வதற்கு முன் என் பங்குக்கு ஒரு தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2008 அக்டோபர். ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர் வேலை. இரவு ஷிப்ட், வெளிநாட்டுப் பக்கம் என் பொறுப்பு. ஏஜென்சிகளிலிருந்து வரும் ஆங்கிலக் காப்பியைத் தமிழாக்கி, தலைப்புப் போட்டு, வெளியூர்ப் பதிப்புக்கு நேரத்தோடு அனுப்ப வேண்டும். அன்று பக்கத்தில் மூன்று அங்குலம் காலியாக இருந்தது. ஒரு பெட்டிச் செய்தி எழுதி அடைத்தேன். தலைப்பு: “என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரியும்! சாரா பேலின் காமெடி”. செய்தி ஆசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார். பக்கம் அச்சுக்குப் போய்விட்டது.

பேலின் அப்படிச் சொல்லவே இல்லை. அலாஸ்கா ஆளுநரும் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளருமான அவர், செப்டம்பர் 11 அன்று ஏபிசி தொலைக்காட்சியின் சார்லி கிப்சனிடம் சொன்னது இதுதான்: அலாஸ்காவில் ஒரு தீவிலிருந்து பார்த்தால் ரஷ்ய நிலம் தெரியும். அது உண்மை. பெரிங் நீரிணையில் அமெரிக்காவின் சின்ன டயோமீட் தீவுக்கும் ரஷ்யாவின் பெரிய டயோமீட் தீவுக்கும் இடையே நாலு கிலோமீட்டர்கூட இல்லை. அதை வெளியுறவு அனுபவமாகக் காட்டியது அசட்டுத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் “வீட்டிலிருந்தே” என்ற அந்த வசனம் இரண்டு நாள் கழித்து ‘சாட்டர்டே நைட் லைவ்’ காமெடி நிகழ்ச்சியில் பேலின் வேடம் போட்ட டினா ஃபே என்ற நடிகை பேசியது. மிமிக்ரிக்காரர் பேசியதை நான் தலைவர் வாயில் திணித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ‘இந்தம்மா இப்படித்தான் பேசியிருப்பார்’ என்று மனசுக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். அதனால் சரிபார்க்கத் தோன்றவில்லை.

இப்போது இன்னொரு பக்கம். அதே செப்டம்பரில் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் ஜோ பைடன், சிபிஎஸ் தொலைக்காட்சியின் கேட்டி கூரிக்குக் கொடுத்த பேட்டியில், பங்குச்சந்தை சரிந்தபோது ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் டிவியில் தோன்றி மக்களிடம் பேசினார் என்றார். சந்தை சரிந்தது 1929இல். அப்போது அதிபர் ஹெர்பர்ட் ஹூவர். ரூஸ்வெல்ட் பதவியேற்றது 1933இல். வீடுகளில் டிவியும் கிடையாது. ஒரே வாக்கியத்தில் இரண்டு ஓட்டை. அந்தக் காப்பியும் என் மேஜைக்கு வந்திருக்க வேண்டும். பெட்டி கட்டியதாக எனக்கு நினைவே இல்லை. அமெரிக்கப் பத்திரிகைகள் மறைத்துவிட்டன என்று சொல்ல மாட்டேன், எழுதத்தான் செய்தன. ஆனால் ‘ஜோ அப்படித்தான், வாய் தவறும்’ என்று ஒரு நாளோடு போயிற்று. அதே கேட்டி கூரிக், என்னென்ன பத்திரிகை படிப்பீர்கள் என்று கேட்டபோது பேலின் ஒன்றின் பேரையும் சொல்லாமல் மழுப்பினாரே, அது அவர் உருவப்படமாகவே ஆகிவிட்டது.

என்னைக் கேட்டால் இரட்டை அளவுகோல் இருக்கிற இடம் இதுதான். பொய்ச் செய்தியில் அல்ல. எந்தச் சறுக்கல் சறுக்கலாகவே கடந்துபோகிறது, எது ஆளின் அடையாளமாக ஒட்டிக்கொள்கிறது என்பதில்.

ஒட்டிக்கொண்டதற்கு இன்னொரு சரியான உதாரணம், 1992 பிப்ரவரியில் நடந்த பார்கோடு விவகாரம். குடியரசுக் கட்சி அதிபரான மூத்த புஷ் மறுதேர்தலுக்கு நிற்கிறார். ஓர்லாண்டோவில் மளிகைக் கடைக்காரர்கள் மாநாடு. அங்கே ஒரு ஸ்கேனரைப் பார்த்து வியக்கிறார். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில், சூப்பர்மார்க்கெட் பில் போடும் மெஷினைக்கூடப் பார்த்திராத அதிபர் என்ற தொனியில் செய்தி. எழுதிய நிருபர் அந்த இடத்திலேயே இல்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரு நிருபர் அனுப்பும் பூல் ரிப்போர்ட்டை வைத்து எழுதினார். உண்மையில் புஷ் பார்த்தது கிழிந்து சிதைந்த பார்கோடையும் படித்துவிடும் அன்றைய புது மெஷின். நானாக இருந்தாலும் வியந்திருப்பேன். பிறகு மற்ற நிருபர்கள் விளக்கி எழுதினார்கள். யார் கேட்டது? பொருளாதாரம் படுத்திருந்த வருஷம், ஆள் பணக்கார வீட்டுப் பிள்ளை, கதை கச்சிதமாகப் பொருந்தியது. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதை ‘சதி’ என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. செய்தி அறையில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியும், அங்கே சதி செய்ய யாருக்கும் நேரம் கிடையாது. எங்கள் டெஸ்கில் கடற்கரைக் கிராமத்துப் பையன் ஒருவன் சேரும்வரை விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வித்தியாசம் தெரியாமல் ‘மீனவர்கள் மோதல்’ என்று எழுதித் தள்ளிக்கொண்டிருந்தோம். மீனவர்மேல் எங்களுக்கு என்ன பகை? “இது அப்படி இல்லைங்க சார்” என்று சொல்ல அறையில் ஆள் இல்லை, அவ்வளவுதான். அமெரிக்கப் பத்திரிகையாளர்களிடம் 2022இல் எடுத்த ஓர் ஆய்வில் தங்களை ஜனநாயகக் கட்சிக்காரர் என்று சொன்னவர்கள் 36 சதவீதம்; குடியரசுக் கட்சி என்றவர்கள் 3.4 சதவீதம். மற்றவர்களில் பெரும்பாலோர் கட்சி சாராதவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். நூறு பேர் அறையில் “இது அப்படி இல்லை” என்று சொல்ல மூன்று பேர் என்றால், அவர்களும் பல நாள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

பழைய கதை ஒன்றும் உண்டு. 1964இல் பேரி கோல்ட்வாட்டர் குடியரசுக் கட்சி வேட்பாளர். பழமைவாத அரசியலுக்கு அங்கே அடித்தளம் போட்டவர் என்று சொல்லலாம். ‘ஃபேக்ட்’ என்ற இதழ் 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, பதில் போட்ட 2,417 பேரில் 1,189 பேர் அவர் அதிபராக மனரீதியாகத் தகுதியற்றவர் என்கிறார்கள் என்று அட்டையிலேயே போட்டது. அவர் அவர்களிடம் சிகிச்சைக்கு வந்தவரே இல்லை. பேப்பரிலும் டிவியிலும் பார்த்ததை வைத்தே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கோல்ட்வாட்டர் தோற்றார், ஆனால் வழக்குப் போட்டு ஜெயித்தார்: நஷ்டஈடு 1 டாலர், தண்டனைத் தொகை 75,000 டாலர். நேரில் பரிசோதிக்காத பொதுமனிதரைப் பற்றி நோய்ச் சான்று சொல்லக்கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் விதி கொண்டுவந்தது இதனால்தான். டிரம்ப் வந்ததும் அந்த விதி பட்ட பாடு தனிக் கதை.

மறுபடி 2008க்கே வருகிறேன், ஏனென்றால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதைவிட நல்ல வருஷம் இல்லை. பிப்ரவரி 21 அன்று நியூயார்க் டைம்ஸ், குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டியில் முன்னணியில் இருந்த ஜான் மெக்கெய்னைப் பற்றி நீளமான செய்தி வெளியிட்டது. எட்டு வருஷத்துக்கு முந்தைய விவகாரம். ஒரு பெண் லாபியிஸ்டோடு (நிறுவனங்களுக்காக அரசியல்வாதிகளிடம் பேசிக் காரியம் சாதிப்பவர்) அவருக்குத் தொடர்பு இருக்குமோ என்று பேர் சொல்லாத பழைய உதவியாளர்கள் கவலைப்பட்டார்களாம். இருவரும் மறுத்தார்கள். சான்று என்று ஒன்றும் இல்லை. அந்தப் பத்திரிகையின் வாசகர் தரப்பு ஆசிரியர் கிளார்க் ஹாய்ட்டே அடுத்த ஞாயிறு அதைக் கண்டித்து எழுதினார். அந்தப் பெண் வழக்குப் போட, காதல் உறவு என்று நாங்கள் சொல்ல வரவில்லை என்று மறு வருஷம் பத்திரிகை ஒரு குறிப்பு வெளியிட்டது.

இதே காலத்தில் ஜனநாயகக் கட்சியில் ஜான் எட்வர்ட்ஸ் வேட்பாளர் போட்டியில் இருந்தார், ஜனவரி கடைசிவரைக்கும். அவருக்கு வேறொரு பெண்ணோடு உறவு என்று ‘நேஷனல் என்குவைரர்’ 2007 அக்டோபரிலேயே எழுதிவிட்டது. பெரிய பத்திரிகைகள் மூக்கைப் பொத்திக்கொண்டன. அது பரபரப்பு இதழ், அதை நம்பி எழுத முடியுமா என்றார்கள். நியாயமான தயக்கம்தான். 2008 ஆகஸ்ட் 8 அன்று எட்வர்ட்ஸே ஏபிசி பேட்டியில் ஒப்புக்கொண்ட பிறகுதான் வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார்கள். இந்தத் தயக்கத்தில் கால்வாசி மெக்கெய்னுக்குக் கிடைத்திருந்தால் அந்தச் செய்தி அந்த வடிவத்தில் வந்திருக்காது.

டல்லஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் இதையெல்லாம் கேட்டால் துள்ளிக் குதிப்பான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நாள்முதல் குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டு. போன வாரமும் போனில், “அண்ணே, உங்க பத்திரிகைக்காரங்க மொத்தப் பேரும் ஒரே கட்சி. ராம்னியை என்ன பாடு படுத்தினாங்க பார்த்தீங்கல்ல?” என்றான்.

பார்த்தேன். மிட் ராம்னி விஷயத்தில் அவன் சொல்வதில் பாதி சரி. 2012இல் ஒபாமாவை எதிர்த்துக் குடியரசுக் கட்சி சார்பில் நின்ற அவர், ரஷ்யாதான் அமெரிக்காவின் முதல் புவியரசியல் எதிரி என்றார். 1980கள் தன் வெளியுறவுக் கொள்கையைத் திருப்பிக் கேட்கிறது என்று ஒபாமா விவாத மேடையில் கிண்டலடித்தார், பத்திகள் எழுதுகிறவர்களும் கூடச் சிரித்தார்கள். 2014இல் உக்ரைனிடமிருந்து கிரிமியாவை ரஷ்யா பறித்துக்கொண்டது. முன்னாள் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் 2019இல் நாடாளுமன்றக் குழு முன் ராம்னியிடம் மன்னிப்புக் கேட்கக் கடன்பட்டிருப்பதாகச் சொன்னார். சிரித்த மற்றவர்களில் எத்தனை பேருக்கு அந்த மனசு வந்தது? செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட், ராம்னி பத்து வருஷம் வரியே கட்டவில்லை என்று ஆதாரமில்லாமல் அடித்துவிட்டதும் வாரக்கணக்கில் ஓடியது. பிறகு அதைப் பற்றிக் கேட்டபோது, அவர் ஜெயிக்கவில்லையே என்றார் ரீட். இதைவிட வெளிப்படையாக யாராலும் பேச முடியாது.

ஆனால் “47 சதவீதம் பேர் அரசாங்கத்தை நம்பிப் பிழைப்பவர்கள்” என்ற பேச்சு? அது ராம்னி வாயாலேயே, பணம் திரட்டும் விருந்தில் சொன்னது. அதை எழுதாமல் விட்டால்தான் தப்பு. தம்பிக்கு இந்த மீதிப் பாதி பிடிக்காது.

அவனுக்குப் பிடிக்காத இன்னொன்றும் சொன்னேன். 2000இல் அல் கோர் “இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தேன்” என்று சொன்னதாக ஊரே சிரித்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை, இன்டர்நெட் உருவாக முன்முயற்சி எடுத்தேன் என்றார். பேலினுக்கு நடந்த அதே அநியாயம், ஆள்தான் ஜனநாயகக் கட்சி. 2016இல் ஹிலாரி வெளியுறவு அமைச்சராக இருந்தபோது சொந்த சர்வரில் இமெயில் வைத்திருந்த விவகாரம் ஓடாத நாளே இல்லை. ஹார்வர்டின் ஷோரன்ஸ்டீன் மையம் கணக்கெடுத்தது: முழுப் பிரசாரக் காலத்திலும் ஹிலாரி பற்றிய செய்திகளில் 62 சதவீதம் எதிர்மறை, டிரம்ப் பற்றியவற்றில் 56 சதவீதம். கட்சித் தேர்வுகள் முடிந்த பிறகான கட்டத்தை மட்டும் எடுத்தால் டிரம்ப் 77, ஹிலாரி 64. எந்தக் கணக்கை எடுக்கிறீர்களோ அந்தப் பதில் வரும். இதைச் சொன்னதும் தம்பி பேச்சை மாற்றி, குடியரசுக் கட்சிச் சாய்வுள்ள ஃபாக்ஸ் நியூஸுக்குத் தாவிவிட்டான், அது வேறு விஷயம்.

2024 செப்டம்பர் 10 அன்று டிரம்ப்பும் கமலா ஹாரிஸும் மோதிய விவாதம் பற்றி என் கருத்து இரண்டு கட்சிக்காரர்களுக்கும் பிடிக்காது. ஒஹையோ மாநில ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் நாய் பூனையைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னதை ஏபிசி நெறியாளர் டேவிட் மியூர் அங்கேயே மறுத்தது சரி. அதைத் திருத்தாமல் விட்டால் நெறியாளர் எதற்கு? ஆனால் அதே மேடையில் கமலா ஹாரிஸ், உலகில் எந்தப் போர்ப் பகுதியிலும் இன்று அமெரிக்க வீரர் ஒருவரும் பணியில் இல்லை என்ற பொருளில் பேசினார். இராக்கிலும் சிரியாவிலும் அமெரிக்கப் படை இருந்தது. அதை யாரும் தொடவில்லை. டிரம்ப் அதிகம் அளந்தார், அதனால் அதிகம் திருத்தப்பட்டார் என்பது உண்மை. அதிகம், சரி. மறுபக்கம் பூஜ்யம் ஏன்?

பைடனின் வயது விஷயத்தில் நடந்தது இதைவிட மோசம். 2024 ஜூன் முதல் வாரத்தில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அவர் தளர்ச்சியைப் பற்றி எழுதியபோது சக பத்திரிகையாளர்களே அது குடியரசுக் கட்சிக்காரர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது என்று பாய்ந்தார்கள். ஜூன் 27 விவாதத்தில் நாடே பார்த்தது. ஜூலை 21இல் அவர் போட்டியிலிருந்து விலகினார்.

‘புலி வருது’ கதை நமக்குத் தெரியும். புஷ்ஷுக்கும் மெக்கெய்னுக்கும் ராம்னிக்கும் அதே குரலில் கத்தியவர்கள், 2020 தேர்தல் முடிவையே ஏற்காத ஒருவர் வந்தபோதும் அதே குரலில்தான் கத்தினார்கள். 2024 கேலப் கணிப்பில் ஊடகத்தை ஓரளவாவது நம்புகிறோம் என்ற குடியரசுக் கட்சியினர் 12 சதவீதம். அந்தக் காதுகளில் இனி நிஜப் புலியைச் சொன்னாலும் ஏறாது. டிரம்ப்பைப் பற்றிய பல குற்றச்சாட்டுகள் சரியானவை என்று நினைப்பவன் நான். அதனால்தான் பழைய கணக்கு எனக்கு எரிச்சலூட்டுகிறது.

பேலின் பெட்டிச் செய்தியையும் தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, “திருத்தம் போட்டீங்களா?” என்றான்.

“இல்லைடா. யாரும் கேட்கலை.”

“நான் கேக்குறேன்.”

அந்தப் பத்திரிகையை விட்டு நான் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அதனால் இங்கே போடுகிறேன்: சாரா பேலின் தன் வீட்டிலிருந்து ரஷ்யா தெரியும் என்று சொல்லவில்லை.