சிறை ஊழியம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சபையில் ஆறு பேர் சிறை ஊழியத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். பைபிளும் தின்பண்டமும் எடுத்துப்போகலாமா?

பதில்: தின்பண்டத்தை விட்டுவிடுங்கள். வேறு எதுவானாலும் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாசலில் நின்று கெஞ்சினால் நடக்காது. கெட்டி அட்டைக்குள் பொருளை ஒளிக்கலாம், ஸ்டேப்ளர் பின்னும் சுருள் கம்பியும் ஆயுதமாகும். அதனால் மெல்லிய அட்டை போட்ட பைபிளே நல்லது. ஆறு பேரும் கூட்டமாகப் போகாமல் இருவர் இருவராகப் பிரியுங்கள். மாதம் ஒருமுறைதான் முடியும் என்றால் அப்படியே சொல்லுங்கள். வாராவாரம் வருவதாகச் சொல்லிவிட்டு நின்றுபோவதற்கு, போகாமலே இருக்கலாம்.

கேள்வி: விசாரணைக் கைதி ஒருவர் வழக்கைப் பற்றி மனம்விட்டுப் பேசுகிறார். வீட்டில் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதமும் நீட்டுகிறார். மறுக்க மனம் வரவில்லையே?

பதில்: மறுத்துத்தான் ஆகவேண்டும். அதில் பிள்ளைகளைப் பற்றிய விசாரிப்பு இருக்கலாம், சாட்சிக்கு மிரட்டலும் இருக்கலாம். பிடிபட்டால் அவருக்குத் தண்டனை, உங்களோடு சேர்ந்து மற்ற ஐந்து பேரின் அனுமதியும் போகும். அவர் அதே கடிதத்தை நிர்வாகத்தின் வழியாக அனுப்பட்டும். எழுதத் தெரியாதவர் என்றால், அதிகாரிக்குத் தெரிந்தே எழுதிக் கொடுங்கள்.

வழக்குப் பேச்சு தொடங்கும்போதே, “அண்ணே, இதை வக்கீலிடம் சொல்லுங்கள்” என்று நிறுத்துங்கள். பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் குருவானவர், கேட்டதை நீதிமன்றத்தில் சொல்லாமலிருக்கப் பல நாடுகளின் சட்டம் தரும் பாதுகாப்பு தொண்டருக்கும் உண்டு என்று நம்பிவிடாதீர்கள். நீங்கள் கேட்டது நாளைக்கு நீதிமன்றத்தில் சாட்சியமாகலாம். ஜாமீன் கிடைத்துவிடும் என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

“யாரிடமும் சொல்லமாட்டேன்” என்ற வாக்கும் வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால், சிறையை விட்டு வெளியே வருமுன் அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். கைதான முதல் சில நாட்களில் இந்த ஆபத்து மிக அதிகம்.

கேள்வி: பிற மதத்தவரையும் ஜெபக் கூட்டத்துக்கு அழைக்கலாமா?

பதில்: அவராக விரும்பி வந்தால் வரட்டும். கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015-இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 65-ஆவது, மதப் பிரதிநிதியின் சந்திப்பை மறுக்கும் கைதியின் முடிவை முழுமையாக மதிக்கச் சொல்கிறது. ஜெபத்துக்கு வந்தால்தான் சோப்பு என்றால் அது பேரம்.

கேள்வி: விடுதலை நாளில் என்ன செய்யலாம்?

பதில்: தங்க இடம், வண்டிச் செலவு, மருந்துச் சீட்டு மூன்றையும் முந்தைய வாரமே விசாரித்து வையுங்கள். போதைப் பழக்கம் இருந்தவர் என்றால் முதல் இரண்டு வாரம் தனியே விடாதீர்கள். உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவே உயிரைப் பறிக்கும். இதை வீட்டாரிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.