சிவிலா, பி.ஆர்க்கா? மண்டபத்திலிருந்து ஒரு கேள்வி

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: மகள் பிளஸ் டூ படிக்கிறாள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி அரசுக் கட்டிடங்களை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் ஆக ஆசைப்படுகிறாள், சொந்தக்காரர்கள் சிவில் படித்தாலே போதும் என்கிறார்கள், எதில் சேர்ப்பது?

பி.ஆர்க்கில் சேருங்கள் அம்மா. ஐந்து வருடப் படிப்பு. பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேண்டும், ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வான நாட்டா எழுத வேண்டும், என்.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. இரண்டாம் தாள். முடித்ததும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு. 1972ஆம் வருடச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாதவர் ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ள முடியாது.

ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், பொதுப்பணித்துறையில் பொறியாளர் பணியிடங்கள்தான் அதிகம், ஆர்க்கிடெக்ட் இடங்கள் கொஞ்சம். ஒரே அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். மத்தியப் பொதுப்பணித்துறைக்கு யு.பி.எஸ்.சி. ஆள் எடுக்கும்போதும் விண்ணப்பிக்கட்டும், அதுவரை தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கட்டும்; அனுபவம் கேட்கிற பதவிகளுக்கு அது உதவும்.

கம்பி கணக்கெல்லாம் பொறியாளர் பார்த்துக்கொள்வார், ஆர்க்கிடெக்ட் அழகாக வரைந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். உங்கள் ஊர்ப்பக்கம் அது நடக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடலோரப் பள்ளி ஒன்றுக்கு 75 மி.மீ. தடிமனில் மெல்லிய சன்ஷேடு வரைந்தேன், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, சில வருடங்களிலேயே உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பி, காரை பெயர்ந்து பிள்ளைகள் நடக்கிற இடத்தில் விழ ஆரம்பித்தது. கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456 விதிப்படி கடலோரத்தில் எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு 45 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்), கடல்நீர் தெறிக்கும் இடமென்றால் எம்35, கவர் 50 மி.மீ. கம்பிக்கு மேலே 45, கீழே 45 விட்டால் அதுவே 90 ஆகிவிடுகிறது, பிறகு 75-இல் கம்பியை எங்கே வைப்பது? அதைப் பேனா எடுக்கும்போதே யோசித்திருக்க வேண்டியவன் நான்தான்.

தனுஷ்கோடிக்கு ஒருநாள் மகளைக் கூட்டிப் போங்கள். 1964 புயலில் சிதைந்த அந்தத் தேவாலயத்தின் பவளக்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன, துருப்பிடிக்க உள்ளே கம்பி இல்லை என்பது முக்கியமான காரணம். அப்புறம் கடலோரத்தில் இருக்கும் புயல் பாதுகாப்பு மையம் ஒன்றையும் காட்டுங்கள். தரைத்தளம் ஏன் தூண்களோடு திறந்து கிடக்கிறது, முடியாத பாட்டி ஒருத்தி ராத்திரி மழையில் எந்த வழியாக மேலே ஏறுவாள் என்று அவளே பார்த்து நோட்டில் வரையட்டும். நாட்டாவுக்கும் அது நல்ல பயிற்சி.