கேமில் வீடு எதற்கு? ரோல்பிளே ஆட்களுக்கான கேள்வி பதில்

பெங்களூரில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு தமிழ் ஆட்கள் ஆன்லைன் ஃபேன்டஸி கேம்களில் ரோல்பிளே செய்கிறோம், அதாவது சண்டை, லெவல் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, எடுத்த பாத்திரமாகவே பேசிப் பழகிக் கதை நடத்துவது. "வீடு வீடு என்று ஏன் இப்படி அலைகிறீர்கள்?" என்று புதியவர்கள் கேட்டதற்கெல்லாம் மொத்தமாகப் பதில்.

கார்த்தி, மடிவாளா: அக்கா, கேமிலேயே ஊர் நடுவில் சத்திரம் இருக்கிறதே, அங்கே உட்கார்ந்து பேசினால் ஆகாதா?

ஆகும், பத்து நிமிஷத்துக்கு. என் பாத்திரம் சாவுச் சேதி கேட்டு இடிந்து உட்கார்ந்திருக்கும்போது யாரோ ஒருத்தன் டிராகனோடு மேஜைமேல் ஏறிக் குதிப்பான். அவனையும் குறை சொல்ல முடியாது, பொது இடம். அதைவிடப் பெரிய விஷயம், அந்த உலகத்தில் நாம் செய்வது எதுவும் நிற்பதில்லை. நேற்று கொன்ற அரக்கன் இன்று அதே குகையில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பான். வீட்டில் மட்டும்தான் நகர்த்திய நாற்காலி நகர்த்திய இடத்திலேயே இருக்கும். என் பாத்திரம் ஒரு வைத்தியக் கிழவி. அடுப்போரம் இரண்டு ஸ்டூல், ஒன்றில் யாரையும் உட்காரவிட மாட்டாள், ஏன் என்று இதுவரை நான் சொன்னதே இல்லை. ஒருநாள் புதுப் பையன் ஒருத்தன் அதில் உட்காரப் போக, கூட இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் "அங்கே வேண்டாம்" என்று டைப் செய்தார்கள். கேம் நமக்குக் கொடுக்கும் எந்த குவெஸ்ட்டிலும், அதாவது எந்த வேலையிலும், இது கிடைக்காது.

செல்வி, அல்சூர்: எந்த கேமில் வீடு நன்றாக இருக்கும்?

1997-ல் வந்த அல்டிமா ஆன்லைனில் திறந்த வெளியிலேயே வீடு கட்டலாம், ஆரம்பத்தில் சாவி திருடு போனால் வீடே காலி! ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் ஒரு வார்டுக்கு, அதாவது ஒரு குடியிருப்புப் பகுதிக்கு, 60 மனை, அது யாருக்கு என்று 2022 முதல் குலுக்கல், 45 நாள் எட்டிப் பார்க்காவிட்டால் இடித்துவிடுவார்கள். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் 2017-லிருந்து வீடு உண்டு, அடித்துப் பிடிக்க வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி, பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. என்னைக் கேட்டால் தெரு இருப்பதுதான் உசத்தி. உப்பு கடன் கேட்க ஆள் வேண்டாமா?

பாபு, எலக்ட்ரானிக் சிட்டி: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் 2014-லேயே கேரிசன் என்று ஆளுக்கொரு இடம் கொடுத்தார்களே?

அது பாசறை. எந்தக் கட்டடம் என்று தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். உள்ளே ஒரு ஸ்டூலைக்கூட நகர்த்த முடியாது. அங்கே வீடு என்று சொல்லும்படி வந்தது 2025 டிசம்பரில்தான்.

பாபு மறுபடி: நிஜத்தில் வாடகை வீடு, கேமில் பங்களாவா அக்கா?

பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடியிருக்கிறேன், சுவரில் ஒரு ஆணி அடிக்க ஓனரிடம் கேட்க வேண்டும். கிழவி வீட்டில் நேற்று மட்டும் ஏழு படம் மாட்டினேன்.